ஸ்பார்ட்டன் ரேஸுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். நானும் மனைவியும் முதல்முறையாக ஸ்பார்ட்டன் ரேஸ் என்ற தடை ஓட்டப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறோம். சனிக்கிழமை அவருக்கு ‘சூப்பர்’ பிரிவு: 10 கிலோமீட்டர், 25 தடைகள். ஞாயிறு எனக்கு ‘ஸ்பிரிண்ட்’ பிரிவு: 5 கிலோமீட்டர், 20 தடைகள். மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்குச் சிறுவர் ஓட்டம். வீட்டிலேயே அதிக உற்சாகம் அவளுக்குத்தான்! யாராவது ஒருவர் அவளுடன் இருக்க வேண்டும் என்றே நாளைப் பிரித்துக்கொண்டோம்.

ஓடுவது பற்றிக் கவலை இல்லை, கைப்பிடி பலம்தான் கவலை. கயிறு ஏறும்போது கைகளை மட்டும் நம்பினால் பாதியிலேயே சோர்ந்துவிடும், பாதங்களால் கயிற்றைப் பூட்டி எழும்ப வேண்டும் என்கிறார்கள். கையும் காலும் சேறாக இருக்கும்போது அந்தப் பூட்டு நிற்குமா? எப்படிப் பழகினீர்கள்? ஈட்டி எறிய ஒரே வாய்ப்புதான், அதற்கும் வீட்டில் பயிற்சி செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் காலணி. பருத்தி சாக்ஸ் வேண்டாம், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். எங்களுக்கு டிரெயில் ஷூ (கரடுமுரடான மண்பாதையில் ஓடுவதற்கான ஷூ) வாங்குகிறோம். மகளுக்கும் அது தேவையா, பள்ளி விளையாட்டு ஷூவே போதுமா? குழந்தைகளை ஓடவிட்டவர்கள் அவசியம் பதில் சொல்லுங்கள், இந்த வாரமே வாங்க வேண்டும்.