பூசையறையில் இருந்த ரங்கூன் கல்

குடும்ப வேர் தேடிப் போன அனுபவம் என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் மலேயா தோட்டம், இலங்கைத் தோட்டம் என்றுதான் கதை வரும். எங்கள் வீட்டுக் கதை பர்மா எண்ணெய் வயலில் நடந்தது. பூட்டனும் பூட்டியும் அங்கே குடும்பம் நடத்தியவர்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது.

தொடக்கம் ஒரு சொல். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் மண்ணெண்ணெய் சிந்தினால் அத்தைப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு "ஏனாஞ்சா நாத்தம்" என்பார். அவர் என் அப்பாவுக்கு அத்தை, பூட்டியின் கடைசி மகள். சின்ன வயதில் அதை ஏதோ வசைச்சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அவரிடம் கேட்டால், "எங்க ஆத்தா அப்பிடித்தான் சொல்லும் அப்பு, எனக்கென்ன தெரியும்" என்பார்.

அப்பா இறந்தபின் பட்டா மாற்றத்துக்காகப் பழைய பத்திரங்களைத் தேட வேண்டியிருந்தது. 1975-க்குப் பிந்தைய வில்லங்கம் கணினியில் கிடைத்துவிட்டது. அதற்கு முந்தையதைக் கையால் எழுதிய புத்தகங்களில்தான் தேட வேண்டும். மனு போட்டு, பலமுறை நடந்து, கடைசியில் 1927-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. ஒரு துண்டுப் புஞ்சை, பூட்டியின் பெயரில் வாங்கியது. பெயருக்குப் பின்னால் 'பர்மா யேனாஞ்சாங் பி.ஓ.சி. கம்பெனியில் பாய்லர் வேலை பார்த்துவரும்' இன்னார் பெண்ஜாதி என்று இருந்தது. அந்த வரியைப் படித்தபோது அலுவலக வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனாஞ்சா என்பது ஓர் ஊர்.

அப்புறம் அந்த ஊரைப் பற்றி வெறியோடு படித்தேன். யேனாஞ்சாங், ஐராவதி ஆற்றங்கரையில் மக்வே பகுதியில் இருக்கிறது. பர்மியமொழியில் அந்தப் பெயருக்கு 'நாறும் தண்ணீர் ஓடும் ஓடை' என்று பொருள். நாறும் தண்ணீர் என்றால் எண்ணெய். பூட்டி சொன்ன நாற்றம் ஊர்ப் பெயரிலேயே இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மண்வெட்டியால் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டி ஆளை இறக்குவார்கள். உள்ளே வாயு இருப்பதால் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, உடனே மேலே இழுத்துவிட வேண்டும். கிணறுகளின் உரிமை 24 குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. அவற்றில் 18-க்கு ஆண்கள் தலைமை, 6-க்குப் பெண்கள். இந்தக் கணக்கு என் மனத்தில் நின்றுபோனது. பெண் பெயரில் கிணற்றுரிமை எழுதிய அந்த ஊரில் வாழ்ந்த எங்கள் பூட்டிக்கு, எங்கள் வீட்டில் பெயரே இல்லை. எல்லாரும் 'ரெங்கோனாத்தா' என்பார்கள், அவ்வளவுதான். அவர் சொந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது அந்தப் பத்திரத்தில்.

பத்திரத்தில் இருந்த பி.ஓ.சி. என்பது பர்மா ஆயில் கம்பெனி. அது 1886-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து துளையிடும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நீராவியால் ஓடிய பொறிகள் என்பதால் பாய்லருக்குத் தீ மூட்டிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். பூட்டன் பார்த்தது அந்த வேலையாகத்தான் இருக்கும். எண்ணெயை முதலில் படகில் ஆற்றுவழியே இறக்கினார்கள், 1908-09 வாக்கில் ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் போட்டார்கள். தமிழரும் தெலுங்கரும் அதிகம் வேலை செய்தது சிரியத்தில். மேலே வயலில் பர்மியர்களே அதிகம். ஆகவே பூட்டன் மேலே போய்ச் சேர்ந்தது எப்படி என்பது இன்னும் என்னைக் குடைகிறது. மேஸ்திரி யாராவது அழைத்துப் போயிருக்கலாம்.

பூட்டனைப் பற்றிக் கம்பெனித் தாள்களில் ஒரு வரியாவது இருக்க வாய்ப்புண்டு. பழைய பர்மா ஆயில் ஆவணங்கள் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் காப்பகத்தில், இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் பூட்டியை எங்கே தேடுவது? 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரியும்வரை பர்மா இந்தியாவோடுதான் இருந்தது. பாஸ்போர்ட் கிடையாது. சென்னையில் டிக்கெட் எடுத்துக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் போனவர்கள் அவர்கள்.

பூட்டியைக் காட்டிக்கொடுத்தது ஒரு கல்.

பூசையறையில் ஒரு சந்தனக் கல் உண்டு. வட்டமாக, சின்னத் தாம்பாளம் அளவு. ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். சென்னை பர்மா பஜார் பக்கம் ஒருமுறை அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடையில் இருந்த வயதான அம்மா பர்மாவில் பிறந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. 1964-இல் கப்பலில் வந்தவராம். அந்த மே மாதம் பர்மியப் பணமான சாட்டில் 50, 100 நோட்டு செல்லாது என்று அறிவித்து, கையிலிருந்த பணம் வெறும் காகிதமாகிப் போன கதையைச் சொன்னார். நான் யேனாஞ்சாங் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் வீட்டுப் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பூசையறைப் படம் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது சந்தனக் கல்லு இல்ல தம்பி. தனாக்கா கல்லு. அங்க பொம்பளைங்க கட்டையத் தேச்சு மூஞ்சில பூசுவாங்க. தண்ணி வடியத்தான் இந்தக் காவா."

அன்றிரவே அத்தைப் பாட்டிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஆத்தா வெயில்ல களை எடுக்கப் போறப்ப கன்னத்துல சந்தனம் மாதிரி பூசிக்கிட்டுப் போகும். ஊருல சிரிப்பாக. அது கேக்காது" என்றார். எண்பது வருடம் கழித்து அந்தப் பேச்சு வெளியே வந்தது. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கல் இன்னொன்றையும் சரிசெய்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பூட்டனும் பூட்டியும் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தே வந்தார்கள் என்பதுதான் வீட்டில் சொல்லிவந்த கதை. அந்த ஏப்ரலில் எண்ணெய் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று யேனாஞ்சாங் வயலை ஆங்கிலேயரே வெடிவைத்துக் கொளுத்தினார்கள். அங்கிருந்து சிந்த்வின் ஆறு, கலேவா, தாமு, இம்பால் என்று மலைக்காட்டில் நடந்து திமாப்பூரில் ரயில் ஏற வேண்டும். வழியில் எத்தனையோ பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். கைக்குழந்தையையே தூக்க முடியாமல் தவித்த அந்த வழியில் கல்லைச் சுமந்து யாரும் வந்திருக்க முடியாது.

மறுபடி பத்திர அலுவலகம் போனேன். 1938 கடைசியில் பூட்டி அந்தப் புஞ்சையை ஒத்திக்கு வைத்திருக்கிறார். நேரில் வந்து வைத்த கைநாட்டு. ஆக அவர் போருக்கு முன்பே, பிள்ளைகளையும் கல்லையும் கொண்டு கப்பலில் வந்துவிட்டார். அந்த வருட ஜூலையில் ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம் மூண்டு பல ஊர்களுக்குப் பரவியது. எண்ணெய் வயலிலோ வருடத் தொடக்கத்திலிருந்தே வேலைநிறுத்தம், கடைசியில் தொழிலாளர்கள் ரங்கூன்வரை நடந்தே போனார்கள். பயந்துபோய்ப் பூட்டன்தான் குடும்பத்தை அனுப்பியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். சம்பளம் நின்ற மாதங்களில் சாப்பாட்டுக்கு அந்த ஒத்தி.

நடந்து வந்தது பூட்டன் மட்டும். வந்தபின் அதிகம் பேசவில்லை, அடுப்புப் பக்கமே போகமாட்டார் என்று அத்தைப் பாட்டி சொல்கிறார்.

போன ஆடிப் படையலில் சேலை வைத்துக் கும்பிடும்போது அத்தைப் பாட்டி முதல்முறையாகத் தன் ஆத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்போது அந்தப் பெயர் தெரியும்.

யேனாஞ்சாங்கில் துவின்கோன், பேமே என்ற இரண்டு எண்ணெய்ப் பகுதிகள் உண்டு. அங்கேயோ, இன்னோர் எண்ணெய் ஊரான சௌக்கிலோ, சிரியத்திலோ உங்கள் வீட்டார் யாராவது இருந்திருந்தால் எழுதுங்கள். பாய்லர் ஆட்களின் குடியிருப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கேள்விப்பட்டவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அப்படியே உங்கள் பூசையறைச் சந்தனக் கல்லையும் ஒருமுறை எடுத்து, ஓரத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள்.