பருத்தித்துறை வீட்டார் (குடும்பக் குழு)

வசந்தி: அக்கா, அண்ணா, பிள்ளைகள் எல்லோருக்கும். சனிக்கிழமை அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. மறுநாள் பதினான்கு பேருக்கு யார் சமைப்பது? எனக்கு இனி அடுப்படியில் நிற்க இயலாது. ஆம்ஸ்டர்டாமில் ரோசன்கிராக்ட் தெருவில் மூடர்ஸ் என்று ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. ஞாயிறு மாலை அங்கே போகலாமா?

கவி: மூடர்ஸா? 😂

வசந்தி: டச்சில் 'அம்மாக்கள்' என்று அர்த்தம் மகன். சிரிக்காதே.

குகன்: டச்சுச் சாப்பாடா? இந்த நேரத்திலா?

வசந்தி: வீட்டுச் சாப்பாடு அண்ணா. 1990இல் திறந்தபோது, வந்தவர்களையே தட்டும் கோப்பையும் கரண்டியும் கொண்டுவரச் சொன்னார்களாம். அதனால்தான் தட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சேராமல் இருக்கும். சுவர் நிறைய அம்மாக்களின் படங்கள். சாப்பிட வருகிறவர்கள் தங்கள் அம்மாவின் படத்தைக் கொடுத்தால் மாட்டுவார்கள். எனக்கு நம்முடைய அம்மாவும் அங்கே இருக்க வேண்டும்.

தேவி: மாட்டிறைச்சி சாப்பிடுகிற இடத்தில் அம்மாவின் படமா வசந்தி?

நிரு: பெரியம்மா, மரக்கறிச் சாப்பாட்டுக்கு நான் முன்பே கேட்டு வைக்கிறேன்.

தேவி: நான் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

குகன்: அம்மாவின் படம் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

கவி: வெள்ளி காலை ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்குகிறோம். யார் ஏற்ற வருவது?

குகன்: நான். எத்தனை பெட்டி?

கவி: ஆறு

தேவி: தம்பி, பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்று அப்போதே சொன்னேன்.

குகன்: ஓம். சொன்னீர்கள்.

வசந்தி: அக்கா, அந்தச் சாப்பாட்டை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஸ்டாம்ப்பொட் என்பது உருளைக்கிழங்கை அவித்து, பூரன்கோல் என்ற சுருட்டை இலையோடு சேர்த்து மசிப்பது. தட்டில் வைத்ததும் நடுவில் கரண்டியால் ஒரு குழி செய்து அதில் இறைச்சிச் சாறு விடுவார்கள். நாங்கள் இங்கே ஸைஸ்ட் என்ற ஊரில் இருந்த முதல் வருடம் கீழ்வீட்டு மூதாட்டி ஒரு தட்டு கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஒரு சொல் டச்சு தெரியாது. அந்தக் குழியை விரலால் காட்டிச் சிரித்தார். நமக்குக் குழைத்த சோற்றில் குழி செய்து சொதி விடுவாரே, அதே குழி. மூதாட்டிக்கு விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் தட்டு வந்தது, நம் வீட்டிலிருந்து பிட்டு போனது.

நிரு: அம்மா, நீங்கள் இதை எனக்குச் சொன்னதே இல்லை

குகன்: ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அலுவலகத்துக்குச் சொல்கிற கந்தோர், துட்டு, கக்கூசு எல்லாம் அவர்கள் விட்டுப் போன சொற்கள். நம் வீட்டுச் சமையலில் பெரிதாக ஒன்றும் விட்டுப் போகவில்லை.

நிரு: மாமா, அவர்கள் கிழக்கு நாடுகளிலிருந்து வாசனைச் சரக்கு எடுத்துப் போனார்களே. ஹஷே என்ற இறைச்சிக் கறியில் வெங்காயம், வினாகிரியோடு கிராம்பு. அவித்த பூக்கோவாவில் சாதிக்காய்த் தூள்.

கவி: கரண்டி நட்டால் நிற்கும் சூப்பும் இந்த ஊர்தானே?

வசந்தி: எர்வ்டன்சூப். பட்டாணிப் பருப்பு. பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், பெரியம்மாவிடம் சொல்லாதே.

தேவி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

கவி: 😂😂

குகன்: செலவு?

வசந்தி: மண்டபத்துக்குச் சாப்பாடு எடுப்பதைப் பார்க்கக் கட்டுப்படியாகும்.

குகன்: நான் கொடுக்கிறேன்.

தேவி: பிறகு பத்து வருடம் சொல்லிக் காட்டவா?

நிரு: அப்படியென்றால் பதினான்கு பேருக்கு மேசை சொல்லி வைக்கவா? ஞாயிறு ஆறு மணி. இங்கே எல்லோரும் அந்த நேரத்தில்தான் சாப்பிடுவார்கள்.

குகன்: ஐயரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வசந்தி: சாப்பிடுவதற்கு ஐயரிடம் என்ன கேள்வி அண்ணா?

தேவி: [படம்]

தேவி: 1986. பருத்தித்துறை வீட்டு அடுப்படி வாசல்.

வசந்தி: அக்கா

குகன்: கையில் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி.

நிரு: அம்மம்மா எவ்வளவு இளமை! முன்தலைமயிரில் மா ஒட்டியிருக்கிறது.

தேவி: அன்று பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் கூப்பிட்டு நிற்க வைத்தேன். சுவருக்காக அனுப்பவில்லை. பார்க்கத்தான் அனுப்பினேன்.

நிரு: மேசை?

தேவி: சொல்லி வை. படத்தை அங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வசந்தி: நிரு, நாளை போகும்போது அங்கே மாட்டியிருக்கிற சட்டங்கள் என்ன அளவு என்று பார்த்து வா.

கவி: மாமா, பெட்டி எட்டு ஆகிவிட்டது