பழைய டிவியில் செட்டாப் பாக்ஸை இணைப்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பத்தா தனியாக இருக்கிறார்கள். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் பக்கம் பார்த்து நிற்கும் பழைய ஆன்டெனாவில் தூர்தர்ஷன் மட்டும் பார்த்து வந்தார்கள். ஆன்டெனாவில் வந்த அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதிலிருந்து வெறும் புள்ளிதான். ஆனாலும் சாயங்காலமானால் பழக்கத்தில் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மாதக் கட்டணம் இல்லை என்பதால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போடலாம் என்றிருக்கிறேன். பாக்ஸும் வாங்கிவிட்டேன். அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்தான் வருகிறது. டிவியின் பின்னாலோ ஆன்டெனா வயர் செருகும் ஒரே ஒரு துளை. இந்த மூன்று வயரில் வருவதை ஆன்டெனா சிக்னலாக மாற்றித் தரும் ஆர்எஃப் மாடுலேட்டரை நடுவில் வைத்தால் படம் வரும் என்கிறார்கள். யாராவது வைத்திருக்கிறீர்களா? காரைக்குடியில் எந்தக் கடையில் கேட்கலாம்? புது டிவி வேண்டாம் என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அது ஐயா (தாத்தா) வாங்கியது.

அப்புறம் டிஷ். கூரை முழுக்க நாட்டு ஓடு, ஏறினால் உடையும். முட்டை வெள்ளைக்கரு தேய்த்துப் பூசிய சுவரில் ஆணி அடிக்கவும் மனமில்லை. ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோள் (கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி) நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே நல்ல உயரத்தில் இருப்பதால், வீட்டு நடுவே திறந்திருக்கும் வளவு முற்றத்தில் கல் வைத்து டிஷ்ஷை நிறுத்தினாலே போதுமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால் ஒரு படம் போடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அதற்குள் தெரிந்தால் நல்லது.