கென்ட் ஸ்டேட் டைனஸ்டி: மறைந்திருக்கும் திறமையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலாவது_டவுன்:
காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில் கென்ட் ஸ்டேட் கல்லூரி அணியை எடுத்து டைனஸ்டி (பல சீசன்களுக்கு ஒரே அணியை நடத்தும் ஆட்டமுறை) ஆடுகிறேன். இரண்டு சீசன் முடிந்தது. புது ஆட்களைச் சேர்க்கும் பட்டியலான போர்டில் இருக்கும் 35 இடத்தையும் முதல் நாளே நிரப்பி, நான்கு ஸ்டார் (திறமைக்கு கேம் தரும் மதிப்பீடு) பையன்கள் ஆறு பேர் மேல், ஆள் சேர்க்க வாராவாரம் கிடைக்கும் மணிநேரங்களைக் கொட்டுகிறேன். பாதி சீசனில் ஓஹியோ ஸ்டேட் போன்ற பெரிய கல்லூரி உள்ளே வந்ததும் அந்தப் பையன்கள் விரும்பும் கல்லூரிகளின் பட்டியலில் என் அணியின் பெயரே இருப்பதில்லை. கடைசியில் மிஞ்சியவர்களை வாரிக்கொண்டு வருகிறேன். மூன்று ஸ்டாருக்குள் நல்லவர்களை எப்படிப் பிரித்தெடுப்பது?

பழைய_லைன்பேக்கர்:
அந்த ஆறு பேரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இருக்கும் மணிநேரம் குறைவு. அதை வைத்துப் பெரிய கல்லூரிகளோடு மோதினால் தோல்விதான். அவர்கள் திரும்பிப் பார்க்காத பையன்களிடம் செலவழியுங்கள்.

நான் செய்வது இது. சீசன் தொடங்குமுன் போர்டை மூன்று ஸ்டார், இரண்டு ஸ்டார் பையன்களால் நிரப்புவேன். நம் கல்லூரிக்கோ கோச்சுக்கோ பைப்லைன் (ஆள் சேர்ப்பதில் செல்வாக்கு) இருக்கும் பகுதிக்கு முதலிடம். அந்த வாரம் கிடைக்கும் நேரம் முழுவதும் ஸ்கவுட்டிங்குக்கே, அதாவது பையன்களின் உண்மையான திறமையைத் துருவிப் பார்ப்பதற்கே போகும். மறைந்திருக்கும் திறமையைக் காட்டும் பச்சை ஜெம் குறி தெரிந்தால் அவன் நம் ஆள், உடனே ஸ்காலர்ஷிப் கொடுத்துவிடுவேன். ஸ்டாருக்குத் தகுதி இல்லாதவன் என்று காட்டும் சிவப்பு பஸ்ட் குறி தெரிந்தால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவனைப் போட்டுப் பார்ப்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. அவனுக்குக் கொடுத்திருக்கும் ஸ்டாருக்கு மேல் அவன் நல்லவன் என்பதுதான் ஜெம்மின் அர்த்தம். அதனால் இரண்டு ஸ்டார் ஜெம்மைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று ஸ்டார் ஜெம் கிடைத்தால் மட்டும் விடவே கூடாது. நான்கு ஸ்டார் பஸ்டைவிட அவனைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். உயரமும் எடையும் ஸ்கவுட் செய்யாமலே தெரியும். என் டைனஸ்டியில் 6 அடி 3 அங்குலம், 215 பவுண்டு சேஃப்டி (டிஃபென்ஸில் கடைசி வரிசையில் நிற்பவன்) ஒருவனை யாரும் சீண்டவில்லை. சேஃப்டிக்கு அவன் கனம்தான். ஆனால் ஒரு சேஃப்டியின் வேகம் அவனுக்கு முன் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரிடம் இருந்தால்? வந்ததும் இடத்தை மாற்றினேன், முதல் வருடம் ரெட்ஷர்ட் கொடுத்தேன், அதாவது ஆட்டத்தில் இறக்காமல் வளர விட்டேன். மூன்றாவது வருடம் என் டிஃபென்ஸே அவனைச் சுற்றித்தான் நின்றது.

ஸ்னாப்_கவுண்ட்:
மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. போர்டு முழுவதையும் ஸ்கவுட் செய்தால், உறுதியாக வரப்போகிற பையனுக்கு முதல் வாரத்தில் கொடுக்க நேரம் இருக்காது. எனக்கு எந்தப் பொசிஷனில் (ஆடும் இடத்தில்) ஆள் இல்லையோ அதை மட்டும்தான் தோண்டுவேன். இன்னொன்று, டெவலப்மென்ட், அதாவது பையன் வளரும் வேகம் எவ்வளவு என்பது அவன் நம் கல்லூரிக்கு வந்த பிறகே தெரியும். நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலைட் என்ற நான்கு படிகளில் எது என்று ஸ்கவுட்டிங் சொல்லாது. ஜெம் கிடைத்தும் டெவலப்மென்ட் நார்மலாக வந்தால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அதனால் ஒரு பொசிஷனுக்கு இரண்டு பேரை எடுங்கள்.

பழைய_லைன்பேக்கர்:
இரண்டு பேர் என்பது சரி, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பொசிஷனை வைத்து மட்டும் தேடினால் என் சேஃப்டி போன்றவன் கண்ணில் படவே மாட்டான்.

கென்ட் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்திருப்பதால் இதையும் சொல்கிறேன். ஜூலியன் எடெல்மேன் அங்கே குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக) இருந்தார். தொழில்முறை லீகான என்.எஃப்.எல் அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் பேட்ரியாட்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில் எடுத்து, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றியது. என்.எஃப்.எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் 53-வது பதிப்பில் ஆட்ட நாயகன் விருது வாங்கினார். அன்டோனியோ கேட்ஸ் அதே கல்லூரியில் ஆடியது கூடைப்பந்து. கல்லூரி ஃபுட்பாலே ஆடாமல் என்.எஃப்.எல்-இல் டைட் எண்டாகி (தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் செய்யும் பொசிஷன்), சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். இவர்களை நினைத்துத்தான் நான் எந்தப் பையனின் பொசிஷனையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

நாலாவது_டவுன்:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். நேற்று மூன்றாவது சீசனைத் தொடங்கினேன். நான்கு ஸ்டார் பையன்கள் எல்லாரையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன், கை நடுங்கத்தான் செய்தது. இதுவரை மூன்று ஜெம். அதில் ஒருவன் 6 அடி 4 அங்குல ரிசீவர், அவன் பட்டியலில் பெரிய கல்லூரி ஒன்றுகூட இல்லை. குவார்ட்டர்பேக் பக்கம் இன்னும் யாரும் தேறவில்லை. ஸ்க்ராம்ப்ளர் வகை (பந்தோடு தானே ஓடும் குவார்ட்டர்பேக்) இரண்டு பேர் இருக்கிறார்கள், இன்று இரவு அவர்களைத்தான் ஸ்கவுட் செய்யப் போகிறேன்.