புதுப்பிப்பு: ரம் கலந்த குச்சி ஐஸ் உறைந்துவிட்டது

எலுமிச்சையும் ரம்மும் கலந்த குச்சி ஐஸ் இரண்டு நாளாகியும் கூழாகவே இருக்கிறதென்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ரம்மைக் குறைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முன்பு அரை லிட்டர் கலவையில் 40 சதவீத ரம் 150 மி.லி. சேர்த்ததால் ஆல்கஹால் 12 சதவீதமாகி, ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் நீர் பனிக்கட்டியாக மாற மாற, எஞ்சிய திரவத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் செறிந்து, அதன் உறைநிலையை மேலும் தாழ்த்திக்கொண்டே போயின. ரம்மை 60 மி.லி.யாக்கி, மீதியைச் சாறால் நிரப்பியதும் (ஆல்கஹால் 4.8 சதவீதம்) ஒரே இரவில் கெட்டியாகிவிட்டது. எதிர்பாராத ஒன்று: அச்சின் அடியில் உறைந்த நுனி மட்டும் மென்மையாக இருந்தது, கடித்தால் ரம்மின் காரமும் இனிப்பும் அங்கேயே தேங்கியிருந்தன. அடுத்த முறை, கலவையை நன்றாகக் குளிரவைத்த பிறகே அச்சில் ஊற்றியபோது, அது பெருமளவு குறைந்தது.