சைனாக்காரங்களுக்கு 'டிஃபரண்ட் ஃப்ரம்' எப்படி சொல்லித் தர்றதுங்க?

திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க. எங்களுக்கு ஜிப்பு, பாலியஸ்டர் துணியெல்லாம் சைனால இருந்து வருது, அங்க மெயில் பாக்கற ரெண்டு பொண்ணுங்க இங்கிலீஷ் கத்துக்கோணும்னு ஆசையா கேட்டாங்க, வாரம் ஒருக்கா வீடியோ கால்ல சொல்லித் தர்றேன். எல்லாத்தையும் டக்குனு புடிச்சுக்கறாங்க, ஆனா 'திஸ் லாட் இஸ் டிஃபரண்ட் வித் தி சாம்பிள்'னு தான் இப்பவும் எழுதறாங்க (லாட்னா ஒரு தடவைல வர்ற சரக்குங்க). எத்தனையோ தடவை திருத்தியாச்சு, அடுத்த மெயில்ல மறுபடியும் 'வித்'.

பதில்: அக்கா, நான் கோயமுத்தூர் பம்ப் கம்பெனி வேலையா ரெண்டு வருசம் சைனால இருந்தேனுங்க. ஏ-ங்கற பொருளும் பி-ங்கற பொருளும் ஒரே மாதிரி இல்லைங்கறதை அவங்க பாஷைல 'ஏ கென் பி பூ யீயாங்'னு சொல்லுவாங்க. 'கென்'னா நம்ம 'கூட', 'யீயாங்'னா ஒரே மாதிரி, முன்னாடி 'பூ' போட்டா இல்லைனு ஆயிரும். அந்த 'கூட' தான் இங்கிலீஷ்ல 'வித்'தா வந்து உக்காந்துக்குது. 'பூ'வை எடுத்துட்டா அதே வாக்கியம் ஒரே மாதிரினு அர்த்தம் தரும், அதனால 'சேம் வித்'னும் எழுதுவாங்க, பாருங்க. 'சேம் அஸ்', 'டிஃபரண்ட் ஃப்ரம்' ரெண்டையும் ஜோடியா சொல்லிக் குடுங்க. சாம்பிளை நடுவுல வெச்சு அதுல இருந்து லாட் விலகிப் போற மாதிரி அம்புக்குறி போட்டுக் காட்டுங்க, நல்லா ஒட்டிக்கும்.

பதில்: கோபில முப்பது வருசம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன் கண்ணு. 'ஃப்ரம்' மட்டும் தான் சரினு சொல்லிறாத. பிரிட்டன்ல 'டிஃபரண்ட் டு'னும் சொல்லுவாங்க, அமெரிக்கால 'டிஃபரண்ட் தேன்', பையர் மெயில்ல அதைப் பாத்தா புள்ளைங்க குழம்பிப் போயிரும். எழுதறதுக்கு 'ஃப்ரம்' எந்த ஊர்லயும் செல்லும். அப்பறம் 'தேர் இஸ் எ டிஃபரண்ட்'னு எழுதறாங்களானு பாரு, அங்க 'டிஃபரன்ஸ்' வரோணும்.

கேட்டவங்க: ஐயா, ரொம்ப நன்றிங்க, அதையும் அப்படியே தான் எழுதறாங்க! இன்னொண்ணு இப்பத்தான் புரியுது. போன மாசம் 'வீ சென்ட் டிஃபரண்ட் கலர்'னு மெயில் வந்துச்சு, தப்பான கலர் அனுப்பிட்டாங்கனு நெனச்சு லைனையே நிறுத்திட்டோம், பெட்டியப் பிரிச்சா ஆர்டர்ல இருந்த அஞ்சு கலர் ஜிப்பும் சரியா இருந்துச்சுங்க.

பதில்: அது அந்த 'எஸ்' இல்லாததால வந்ததுங்க அக்கா. சைனீஸ்ல கலர் ஒண்ணுன்னாலும் அஞ்சுன்னாலும் சொல்லு மாறாது. நம்மளும் 'வேற கலர்', 'வேற வேற கலர்'னு தானே பிரிக்கறோம், நம்ம புள்ளைங்க 'டிஃபரண்ட் டிஃபரண்ட் கலர்'னு எழுதறதும் இதனால தான். வேற ஒரு கலர்னா 'எ டிஃபரண்ட் கலர்', பல கலர்னா 'டிஃபரண்ட் கலர்ஸ்'. அடுத்த கிளாஸ்ல அந்த அஞ்சு ஜிப்பையே கேமரா முன்னால வெச்சு நடத்துங்க.