நம் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால்? வீட்டிலிருந்தே போட வேண்டுமானால்? சரியான நடைமுறை என்ன?

சிற்றகல் கேட்டது:

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தில் வாக்காளர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வருவதைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. "பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் 49ஏ பிரிவில் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்" என்கிறது ஒன்று. "ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு" என்கிறது இன்னொன்று. இதில் எது உண்மை?

இதோடு, தெருவில் 85 வயது தாண்டியவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களும் கண்பார்வை குறைந்த ஒருவரும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் எப்படி ஓட்டுப் போடுவது, எதற்குக் கடைசி நாள் எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே குறிப்பில் சேர்த்துவிடுவேன்.

---

மூன்றாம்மேசை பதில்:

இரண்டு செய்தியும் பொய். முதலில் அதைக் குறிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தேர்தல் நடத்தை விதிகள், 1961-ல் விதி 49ஏ என்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. யாருக்கும் ஓட்டுரிமை தருவது அதன் வேலையே இல்லை. அந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எதைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை என்பது நீங்கள் யார் என்பதற்கான சான்று, அவ்வளவுதான். ஓட்டுரிமை பட்டியலில் இருக்கிறது. வாக்குப்பதிவு அன்று காலையில் பெயர் இல்லை என்று தெரிய வந்தால் அதற்கு அங்கே மருந்து கிடையாது. அதனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது எல்லோரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனுத் தாக்கல் முடிந்த பிறகு பட்டியலில் புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள்.

'சேலஞ்ச்' என்பது வாக்காளர் போடுகிற ஓட்டே இல்லை. பூத் ஏஜென்ட், "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஆட்சேபிப்பதுதான் அது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார், படிவம் 14-ல் எழுதுவார். ஆட்சேபம் நிற்காவிட்டால் வாக்காளர் வழக்கம்போல இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம். நிரூபணமானால் ஆள்மாறாட்டம் என்று போலீசிடம் ஒப்படைப்பார்.

இனி டெண்டர் ஓட்டு. நம் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால் நமக்குத் தரும் காகித ஓட்டுதான் அது. அரசுத் தமிழில் 'ஆய்வுக்குரிய வாக்கு', விதி 49பி. (ஆங்கிலத்தில் பதினாறாவது எழுத்து. நான் மேலே சொன்ன 49ஏ முதல் எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டாவது எழுத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருக்கிறது என்று முதல் அலுவலர் சொன்னால், உடனே சண்டை போட வேண்டாம், வெளியேறவும் வேண்டாம். ஒரே பெயரில் அடுத்தடுத்து இருவர் இருக்கும் பாகங்களில் வரிசை எண் மாறிக் கோடு போட்டிருக்க வாய்ப்பு உண்டு. தலைமை அலுவலரிடம் போய், ஓட்டுப் போட வருபவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே இருக்கும் கையெழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே வேறொருவர் போட்டிருந்தால், தலைமை அலுவலர் கேட்கும் அடையாளக் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்ன பிறகு, படிவம் 17பி-யில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகித வாக்குச்சீட்டு தருவார். சின்னங்கள் இயந்திரத்தில் உள்ள அதே வரிசையில் இருக்கும். பின்பக்கம் 'ஆய்வுக்குரியது' என்ற குறிப்பு இருக்கும். கூடவே கொடுக்கும் ரப்பர் முத்திரையை மறைவிடத்துக்குள் போய் வைத்து, மடித்து அவரிடம் கொடுத்தால் தனி உறையில் போட்டு வைப்பார். வழக்கமாக ஒரு சாவடிக்கு 20 சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். பேலட் பட்டனை அழுத்தி இயந்திரத்தில் போட விடமாட்டார். அப்படி விட்டால் அது தவறு.

இந்த ஓட்டு வாக்கு எண்ணிக்கை நாளில் எண்ணப்படாது என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. உறை மூடியபடியே இருக்கும். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் திறப்பார்கள். 2008-ல் ராஜஸ்தான் நாத்வாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றபோது டெண்டர் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வித்தியாசம் அவ்வளவு குறைவாக இருந்தால்தான் அந்த உறைக்கு உயிர் வரும். இத்தனை சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிப் போடத்தான் வேண்டும். சாவடியின் வாக்குக் கணக்கான படிவம் 17சி-யில் எண்ணிக்கை ஏறும், அதன் நகல் ஏஜென்ட்களுக்கும் போகும். ஆள்மாறாட்டம் நடந்ததற்கு எழுத்தில் நிற்கும் சாட்சி அதுதான். முக்கியமாக, மாலை ஐந்தரைக்குப் போகாமல் காலையிலேயே போகச் சொல்லுங்கள்.

---

கொடிக்கால் பதில்:

மூன்றாம்மேசை ஐயா சொன்னதோடு விவிபாட் (யாருக்குப் போட்டோம் என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) விஷயத்தையும் சேர்க்கலாம். நீலப் பட்டனை அழுத்தியதும் வேட்பாளருக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். கண்ணாடிக்குள் வரிசை எண், பெயர், சின்னத்தோடு சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டு அறுந்து உள்ளே விழும். பீப் சத்தம் கேட்கும்வரை நகர வேண்டாம்.

சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று சொன்னால் விதி 49எம்ஏ. எழுத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். பொய் என்றால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு என்று தலைமை அலுவலர் முதலிலேயே எச்சரிப்பார். பிறகு 17ஏ-யில் இரண்டாவது முறை பதிந்து, ஏஜென்ட்கள் முன்னால் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். புகார் உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவை அப்போதே நிறுத்திவிட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சொல்ல வேண்டும். பொய் என்றால் அந்தச் சோதனை ஓட்டு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்று எழுதி வைத்து, எண்ணும்போது கழிப்பார்கள். சோதனை ஓட்டு எல்லோர் கண் முன்னாலும் நடப்பது. அதில் ரகசியம் இல்லை.

கண்பார்வை குறைந்தவருக்கு: ஓட்டுப் போடும் பேலட் யூனிட்டில் பட்டன்களுக்குப் பக்கத்திலேயே பிரெய்லி எண் உண்டு. பிரெய்லியில் அச்சிட்ட மாதிரிச் சீட்டையும் சாவடியில் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்து, எத்தனையாவது பட்டன் என்று தெரிந்துகொண்டு தனியாகவே போடலாம். முடியாது என்றால் துணையாள். துணையாளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணை போகக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். அதனால் அவருடைய சொந்த ஓட்டுக்கு இடைஞ்சல் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக மட்டும் துணையாள் அனுமதி கிடையாது. சின்னம் பார்க்கத் தெரிந்தால் தனியாகத்தான் போக வேண்டும்.

---

ஊதாஉறை பதில்:

தபால் ஓட்டு, வீட்டு ஓட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. தேதி தவறிப் போவது இங்கேதான் அதிகம்.

85 வயது தாண்டியவர்கள். முன்பு 80 என்றிருந்தது, 2024 மார்ச்சில் 85 ஆக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள வயதுதான் கணக்கு. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே வசதி உண்டு, சான்றின் நகல் இணைக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 12டி. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, நிரப்பியதை வாங்கிப் போவார். தேர்தல் அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து 5 நாளுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்துவிட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கை மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது ஓட்டுப் போடும் நாளுக்கு மூன்று வாரத்துக்கும் முன்பே, மார்ச் 25-ஓடு கதவு மூடிவிட்டது. 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவர்கள் எல்லோருக்கும் அது போயிற்று.

இது கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் மட்டுமே. ஆனால் 12டி ஏற்கப்பட்டால் பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு சாவடிக்குப் போனால் போட முடியாது. வீட்டுக்கு வரும் குழு முன்கூட்டியே தேதி சொல்லித்தான் வரும். ஆள் இல்லாவிட்டால் இன்னொரு முறை வரும். அப்போதும் இல்லை என்றால் அவ்வளவுதான், சாவடியிலும் இல்லை. அந்த நாட்களில் பெரியவரை மகள் வீட்டுக்கோ ஆஸ்பத்திரி செக்கப்புக்கோ கூட்டிப் போகாதீர்கள் என்று குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

தேர்தல் பணி ஆசிரியர்கள். இரண்டு வழி. தங்கள் ஓட்டு இருக்கும் தொகுதியிலேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கி, பணி செய்யும் சாவடியிலேயே இயந்திரத்தில் போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டு. மக்களவைத் தேர்தலில் தொகுதி பெரியது என்பதால் பணிச் சான்று பலருக்குப் பொருந்தும். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இருக்கும் தொகுதிக்கு வெளியேதான் பெரும்பாலும் பணி போடுவார்கள், ஆகவே தபால் ஓட்டுதான். பயிற்சி வகுப்பிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும், பாகம் எண்ணும் வரிசை எண்ணும் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண் தெரியாமல் வருவதால்தான் முக்கால்வாசி விண்ணப்பம் தாமதமாகிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு தபால் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பயிற்சி இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே வாங்கி, குறித்து, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

உறை. செல்லாமல் போகும் தபால் ஓட்டுகளில் பல, ஓட்டைத் தவறாகக் குறித்ததால் போவதில்லை. உறையை மாற்றிப் போட்டதால் போகின்றன. சிறிய உறை 13பி: இதில் வாக்குச்சீட்டு மட்டும். பெரிய உறை 13சி: இதில் ஒட்டிய சிறிய உறையும், 13ஏ உறுதிமொழியும் தனித்தனியாக. எண்ணும்போது பெரிய உறையை மட்டும் முதலில் பிரிப்பார்கள். உறுதிமொழி கையில் வரவில்லை, அல்லது அதில் வாக்காளர் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை, அல்லது அதில் எழுதிய சீட்டு எண்ணும் சிறிய உறை மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் சிறிய உறையைத் திறக்காமலே தள்ளுபடி. உறுதிமொழியைச் சிறிய உறைக்குள் சீட்டோடு மடித்து வைத்தவருக்கும் இதே கதிதான். சீட்டில் டிக், பெருக்கல் குறி எதுவானாலும் யாருக்கு என்று தெளிவாக இருந்தால் போதும். பெயரோ கையெழுத்தோ போட்டால் போச்சு.

---

சிற்றகல்:

அருமை, நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. ஸ்மார்ட் ரேஷன் அட்டையைக் காட்டலாமா? எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் கிராமம், அங்கே உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே விதிகள்தானா?

---

மூன்றாம்மேசை:

ரேஷன் அட்டை பட்டியலில் இல்லை. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி தனித்துவ அட்டை போன்றவை. பூத் ஸ்லிப் மட்டும் கொண்டு போனாலும் செல்லாது, வரிசை எண் பார்க்க மட்டும்தான் அது. வேறு தொகுதியில் எடுத்த பழைய வாக்காளர் அட்டை செல்லும், இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால். வெளிநாட்டில் இருந்து வந்து போடுபவர்கள் மட்டும் அசல் பாஸ்போர்ட் காட்டியாக வேண்டும்.

---

கொடிக்கால்:

உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில், சட்டமும் வேறு. மேலே சொன்ன படிவ எண்களை அங்கே தேடாதீர்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரம் இருந்தது, விவிபாட்டும் நோட்டாவும் இல்லை. கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு.

கிராமத்தில் இன்னும் சீட்டும் பெட்டியும்தான். ஒருவருக்கு நான்கு ஓட்டு. 2019-ல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில இடங்களில் நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள். நான்கையும் வாங்கினோமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறைவிடத்துக்குப் போக வேண்டும். முத்திரை ஒரு வேட்பாளரின் கட்டத்துக்குள் முழுதாக விழ வேண்டும். இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டில் யாருக்கு என்று தெரியாதபடி விழுந்தால் செல்லாது, இரண்டு பேருக்கு வைத்தாலும் செல்லாது, முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தாலும் செல்லாது.

மடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் நெடுக்காக, அதாவது இடப்பக்கம் வலப்பக்கத்தோடு சேரும்படி மடித்து, பிறகு குறுக்கே மடிக்க வேண்டும். முதலிலேயே குறுக்கே மடித்தால் ஈர மை எதிரே உள்ள இன்னொரு வேட்பாளர் கட்டத்தில் ஒட்டும். நெடுக்காக மடித்தால் ஒட்டினாலும் அதே வேட்பாளர் வரிசையிலேயே ஒட்டும். தலைகீழ் நிழலாகத் தெரியும் ஒட்டிய மையை வைத்து மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாதுதான், ஆனால் எண்ணும் மேசையில் அது தகராறுக்கு இடம் கொடுக்கும். மை காய ஒரு சில விநாடி ஊதிவிட்டு மடித்தால் அந்தத் தகராறும் இல்லை.

---

ஊதாஉறை:

கடைசியாக ஒன்று. முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டை வரிசையின் வாலில் நிற்பவருக்கு 1 என்று தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வருவார்கள், அதன் பின்னால் புதிதாக யாரும் சேராதபடி. அந்தச் சீட்டு கையில் இருந்தால் மணி எட்டானாலும் ஓட்டு உண்டு. தண்ணீர் குடிக்க வரிசையை விட்டு வெளியே போவதாக இருந்தால் சீட்டைத் தவற விடாதீர்கள்.